இரண்டு பழைய கார்களும் ஒரு விளையாட்டுத் தூண்டிலும்

விற்கிறவரே தன் பொருளின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால், அவரை நம்ப வேண்டுமா, இல்லை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. காய்கறிக் கடையில் "அந்தக் கத்தரிக்கா சொத்தை, எடுக்காதீங்க" என்று கடைக்காரர் சொன்னால், மிச்சக் கத்தரிக்காயில் என்ன வைத்திருக்கிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றும். குழந்தை பிறந்த பிறகு இந்தக் குணம் அதிகமாகிவிட்டது. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து மறுபடி பார்ப்பேன்.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தனக்கென்று அவர் எதையும் கேட்டதில்லை. சட்டை கூட நான் எடுத்துக் கொடுப்பதுதான். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

"ஓட்டுறதுக்கா?" என்று கேட்டேன்.

"ஓட்டுறதுக்குந்தான். ஆனா முக்கியமா தொறந்து பாக்கறதுக்கு."

இப்போதைய கார்களின் இன்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கிறது, கையை நுழைக்கவே இடம் இல்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய குறை. மில்லில் பகல் முழுக்க அடுத்தவர் இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவருக்கு, சொந்தமாகப் பழுது பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. பழைய கார் சேர்க்கிறவர்களின் போன் குழு ஒன்றில் அவர் பல மாதமாக இருந்திருக்கிறார். அது எனக்கு அன்றுதான் தெரியும். வேறு எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று அன்று மதியம் அவர் குளிக்கப் போனபோது பார்த்தேன். மில் குழு, அவருடைய அக்கா வீட்டுக் குழு, இது. அவ்வளவுதான்.

அந்தக் குழுவில் ஓயாமல் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து மோரிஸ் மைனரா, இத்தாலி ஃபியட் 1100-ஆ? இரண்டுமே பெரிய யுத்தம் முடிந்த பிறகு, பெரிய கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்காகச் செய்யப்பட்டவை. சின்ன இன்ஜின், குறைந்த பெட்ரோல், நாலு பேர் உட்கார இடம். அன்றைக்குச் சிக்கனத்துக்காக வாங்கிய வண்டியை இன்றைக்கு ஆசைக்காக வாங்குகிறார்கள். "நம்மள மாதிரி ஆளுகளுக்காகச் செஞ்ச வண்டிதாம்ட்டி இது ரெண்டும்" என்றார் என் கணவர்.

அவர் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் மோரிஸ், வலப்பக்கம் ஃபியட் என்று எழுதி வைத்திருந்தார். நான் அதை இரண்டு தடவை படித்தேன். மோரிஸுக்கு கியர் தரையில், ஃபியட்டுக்கு ஸ்டியரிங் தண்டிலேயே. மோரிஸின் ஸ்டியரிங் ஒரு விரலால் திருப்பலாம், ஆனால் இன்ஜின் சின்னது, மேட்டில் மூச்சு வாங்கும். ஃபியட் மேடு ஏறும். மோரிஸுக்கு உதிரி பாகங்கள் இங்கிலாந்திலிருந்து தபாலில் வர வேண்டும், இல்லையென்றால் சென்னையில் பழைய இரும்புக் கடைகளில் தேட வேண்டும். ஃபியட்டின் வம்சம் நம் நாட்டிலேயே பல காலம் டாக்சியாக ஓடியதால் எந்த ஊரிலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். சேகரிக்கிறவர்கள் மத்தியில் இரண்டு கதவு மோரிஸுக்கு மதிப்பு அதிகம். வீட்டில் வைத்துக்கொள்ள ஃபியட் சுலபம். கீழே, கோட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து, "அவ முடிவு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அவ என்பது நான்தான். "நீ வந்து ரெண்டையும் பாரு. நீ எதைச் சரிங்கியோ அது. வேண்டாம்னா ரெண்டும் வேண்டாம்" என்றார். இது அன்பா, நாளைக்கு ஏதாவது ஆனால் குற்றம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற ஏற்பாடா என்று அப்போதே யோசித்தேன். அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் யோசித்தேன்.

செட்டியார்பட்டியில் ஒரு ஃபியட் விற்பனைக்கு இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மோரிஸ் இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் இரண்டையும் அறிந்தவர். "நானும் கூட வாரேன் தம்பி, செத்த நேரம் பாத்தா சொல்லிருவேன்" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வாங்குகிறவரிடமும் விற்கிறவரிடமும் கமிஷன் வாங்கமாட்டார் என்று என்ன நிச்சயம்?

"அவிய அப்படிப்பட்ட ஆளு இல்லட்டி" என்றார் என் கணவர்.

"நமக்குத் தெரியாத வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதாங்க."

அவர் வாதாடவில்லை. மெக்கானிக் அண்ணனிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக நான் போனில் வீடியோக்கள் பார்த்து என்னைத் தயார் செய்துகொண்டேன். அப்படித்தான் காந்தச் சோதனையைக் கற்றேன். பழைய கார்களில் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால், சிலர் அதில் பட்டி என்கிற பசையைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்த்தால் தெரியாது. இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், பட்டி என்றால் ஒட்டாது. அவ்வளவு எளிமை.

வீட்டில் காந்தம் என்று தேடியபோது அகப்பட்டது என் மகளின் மீன்பிடி விளையாட்டுதான். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு ஜாண் நீளப் பிளாஸ்டிக் தூண்டில், அதன் நூல் நுனியில் ஒரு சின்னக் காந்தம். பெயின்ட்டில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று காந்தத்தை ஒரு மெல்லிய கைக்குட்டைத் துணியில் சுற்றிக் கட்டினேன். எங்கள் வீட்டு பீரோவில் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. சுவரில் வைத்தேன், விழுந்தது. திருப்தியாக இருந்தது.

செட்டியார்பட்டி அண்ணாச்சி தன் ஃபியட்டைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். நாங்கள் போனபோது வண்டி வாசலில் புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றது. கீழே இளம் பச்சை, மேலே வெள்ளை. இன்ஜினைக் கூடத் துடைத்து வைத்திருந்தார். துடைத்த இன்ஜினை நம்பாதே, எண்ணெய்க் கசிவை மறைக்கத்தான் துடைப்பார்கள் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். துடைக்காத இன்ஜினைப் பார்த்திருந்தால் பராமரிப்பு இல்லை என்று நினைத்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

முன் கதவைத் திறந்து காட்டினார். அது மற்ற கார்களுக்கு நேர் எதிராக, முன்பக்கமிருந்து பின்னோக்கித் திறந்தது.

"இதான் இதுல விசேஷம் தாயி. பொண்ணு சேலை கசங்காம எறங்கும். மாலை கூட எதுலயும் மாட்டாது."

"ஓடும்போது தொறந்துக்கிட்டா?"

"ஓடும்போது யாரு தொறப்பா?"

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் அதற்குள் கைப்பிடியைப் பிடித்து இரண்டு தடவை திறந்து மூடியிருந்தாள். சாதாரணக் கதவு ஓட்டத்தில் கொஞ்சம் விலகினால் காற்று அதைத் தள்ளி மூடப் பார்க்கும். இந்தக் கதவு விலகினால் காற்றே அதைப் பிடுங்கி விரியத் திறந்துவிடும். என் கணவர் நோட்டில் இதை எழுதாமல் விட்டிருந்தார். மறந்தாரா, மறைத்தாரா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தூண்டிலை எடுத்தேன். அண்ணாச்சி தூண்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, கண்மாய் அந்தப் பக்கம் இருக்கு."

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரைப் பார்க்கக் குனிந்துவிட்டார். என் மகள் மட்டும் அக்கறையாக, "அம்மா, கார்ல மீன் இருக்கா?" என்று கேட்டாள். நான் கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கி, கூரை என்று ஓர் இடம் விடாமல் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒட்டியது.

"என்ன தாயி, எம்புட்டு மீன் விழுந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

குறை ஏதும் உண்டா என்று என் கணவர் கேட்டதற்கு, "ஒண்ணும் கெடையாது, சாவியப் போட்டா ஸ்டார்ட், அம்புட்டுதான்" என்றார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆன வண்டியில் ஒன்றுமே குறை இல்லையா? காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியதே எனக்கு ஒரு சந்தேகமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். மோரிஸின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். தனியாக இருந்தார். "ஆராதனை முடிஞ்சு பதினோரு மணிக்கு மேல வாங்க" என்று போனில் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது சர்ச்சுக்குக் கட்டிப் போன சேலையை மாற்றாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து கொட்டகைக் கதவைத் திறந்தார். உள்ளே வண்டி ஓர் உருண்டையான மிருகம் படுத்திருப்பது போல இருந்தது. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டு. கதவு பக்கத்துக்கு ஒன்றுதான். பின் சீட்டில் உட்காரும் குழந்தைக்குக் கதவே கிடையாது என்பதை நான் உடனே கவனித்தேன். மனசுக்குள் மோரிஸுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

டீச்சர் ஒவ்வொரு குறையாகச் சொல்லத் தொடங்கினார். வருகைப் பதிவேடு வாசிப்பது போலத்தான் இருந்தது.

"மழை பெஞ்சா டிரைவர் பக்கம் ஒழுகும். ரிவர்ஸ் கியர் உறுமும், அதுக்குப் பயப்பட வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து உறுமுது. கைகாட்டி எடதுபக்கம் வேலை செய்யாது."

கைகாட்டி என்பது அந்தக் காலத்துத் திருப்ப அடையாளம். விளக்கு மினுக்குவதற்குப் பதிலாக, கதவுக்குப் பின்னாலிருக்கும் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். டீச்சர் ஸ்விட்சைத் திருப்பியதும் வலப்பக்கத்தில் டக்கென்று ஒரு மஞ்சள் கை எட்டிப் பார்த்தது. என் மகள் கைதட்டினாள். என் கணவரும் ஏறக்குறைய அதே முகத்தோடு நின்றார். இடப்பக்கத்துக் கையைச் சரிசெய்ய என்னென்ன கழற்ற வேண்டும் என்று அவர் மனசுக்குள் கழற்றத் தொடங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. ஃபியட் முன்னால் அவர் இப்படி நிற்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு நான் இதுலதான் போவேன் தம்பி. ஹெட்மாஸ்டர் சைக்கிள்ல வருவார். அவருக்கு அது ஆகவே ஆகாது" என்றார் டீச்சர்.

இருவரும் இன்ஜின் மேல் குனிந்திருந்தபோது நான் தூண்டிலை எடுத்தேன். டீச்சர் பார்க்காத பக்கமாகப் போனேன். கதவில் ஒட்டியது. பின் மட்கார்டில் ஒட்டியது. முன் சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கு முன்னால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அங்கே காந்தம் விழுந்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. சுற்றிப் போய் மறுபக்கம் அதே இடத்தில் வைத்தேன், விழுந்தது. டிக்கிக்குள் தரைத்தகட்டில் ஒரு பக்கம் ஒட்டியது, ஒரு பக்கம் ஒட்டவில்லை.

இடது கைகாட்டி வேலை செய்யாததைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. அப்படியென்றால் சின்னக் குறைகளைச் சொன்னதே பெரிய குறையை மறைக்கத்தானா? ஏமாற்றத் தெரிந்தவர்கள் ஃபியட் அண்ணாச்சி மாதிரி பேசமாட்டார்கள், இப்படித்தான் பேசுவார்கள்.

கேட்டிருக்கலாம். நாலு வார்த்தைதான். ஆனால் ஒரு டீச்சரைப் பார்த்து, நீங்கள் ஓட்டையைப் பூசி மறைத்திருக்கிறீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பதினேழு வருஷம் படித்ததில், டீச்சர் தப்பாகக் கணக்குப் போட்டால் கூட நோட்டில் சரியாக எழுதிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிற பழக்கம்தான் எனக்கு. அன்றும் தூண்டிலைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

கிளம்பும்போது டீச்சர் சொன்னார்: "இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார். ஆனா தம்பிக்குக் குடுத்தா நல்லா வச்சிருப்பார்னு தோணுது. புதன்கிழமைக்குள்ள சொல்லிருங்க." இன்னொருத்தர் கேட்கிறார் என்பது விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. அதையும் குறித்துக்கொண்டேன். மில்லில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது என்பதால் என் கணவர் என் நம்பரை டீச்சரிடம் கொடுத்தார்.

வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "என்னட்டி, எது?" என்று கேட்டார். "யோசிக்கலாங்க" என்றேன். காந்தம் விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் நேரே டீச்சரிடம் போய்க் கேட்டுவிடுவார். டீச்சர் ஒரு சமாதானம் சொல்வார், இவர் நம்பிவிடுவார். இவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

புதன்கிழமை மதியம், மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார்.

"என்னம்மா, என்ன முடிவு பண்ணிருக்கீங்க?"

"வேண்டாம் டீச்சர். நீங்க அவருக்கே குடுத்துருங்க."

"வீட்டுக்காரர்ட்ட கேட்டியாம்மா? அவிய ஆசைப்பட்ட மாதிரி இருந்துச்சே."

"கேட்டேன் டீச்சர்."

மாலையில் என் கணவர் மில்லிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, "டீச்சர் போன் பண்ணாங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம்" என்றேன். அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "சரி. அவிய வண்டி, அவிய இஷ்டம்" என்றார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து ஃபியட்டை வாங்கினோம். நான்தான் வற்புறுத்தினேன். அதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கவில்லை. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் உண்மை. சாவியைப் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. பின் சீட்டில் குழந்தைக்கு பெல்ட் போட வைத்தேன். முன் கதவு இரண்டுக்கும் உள்ளே ஜன்னல் தாழ்ப்பாள் மாட்டச் சொன்னேன். அதைப் படமெடுத்து என் கணவர் குழுவில் போட்டதும் "அண்ணே, காருக்குப் பூட்டு எப்ப?" என்று ஒருவர் கேட்டார். மழைக்கு முன் ஒரு தடவை அய்யனார் கோவில் வரை போய் வந்தோம். மேட்டிலும் முனகாமல் ஏறியது.

ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபியட்டின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, தண்ணீர் அளவைச் சரிபார்த்து, மூடிவிடுவார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கால் மணி நேரத்தில் வீட்டுக்குள் வந்து செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். ஒரு பழுதாவது வரக் கூடாதா என்று நானே ஒரு நாள் நினைத்தேன்.

போன வாரம் மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். ஃபியட்டின் பிளக்குகளைப் பார்க்க என்று என் கணவர்தான் கூப்பிட்டிருந்தார், பேச்சுத் துணைக்குத்தான் என்று நினைக்கிறேன். நான் டீ கொண்டு வந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

"அந்த மோரிஸ நீங்க எடுத்திருக்கணும் தம்பி. ஒடம்பு கல்லு மாதிரி. முன் சக்கரத்துக்குப் பின்னால, டிக்கி தரை, இங்கெல்லாந்தான் அந்த வண்டிக்கெல்லாம் துரு அரிக்கும். டீச்சரோட அப்பா அந்தக் காலத்துலயே அதை வெட்டி எடுத்துட்டு, பாத்திரம் செய்ற ஆசாரிய வச்சுப் பித்தளைத் தகடு அடிச்சு ஈயம் பத்த வச்சிருக்கார். ஒரிஜினல் இல்லன்னு சேக்குறவன் மூக்கச் சுளிப்பான். ஆனா இன்னும் அம்பது வருஷம் போனாலும் அந்த எடத்துல துரு ஏறாது."

"பித்தளையா?" என்றார் என் கணவர். அவர் முகம் அந்தக் கொட்டகையில் இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஆமா. ஒரு தட்டு தட்டுனாலே தெரிஞ்சிரும், குடத்தத் தட்டுன மாதிரி கேக்கும். தெரியாதவன் காந்தத்த வச்சுட்டு, பட்டின்னு நெனச்சு ஓடிருவான்."

நான் டீத் தம்ளரை ஃபியட்டின் மூடி மேல் வைத்தேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது. எட்டாம் வகுப்பில் படித்தது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா கொடுத்த பித்தளை அண்டா இருக்கிறது. வீட்டில் பீரோவிலும் சுவரிலும் சோதித்தவள் அதில் ஒரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. தட்டியும் பார்க்கவில்லை. தட்டினால் டீச்சருக்குக் கேட்டிருக்கும். இதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளைக் கூட வரவேண்டாம் என்று தடுத்ததும் நான்தான்.

"குடுத்து வச்சவன் யாரோ" என்றார் என் கணவர்.

"எவனும் இல்ல. வாங்குறேன்னு சொன்ன அந்தாளு வரவே இல்லையாம். வண்டி இன்னும் டீச்சர் வீட்லதான் நிக்கு. போன மாசம் நான்தான் போய் பேட்டரி மாத்தினேன்."

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வித்தாச்சுன்னுல்ல டீச்சர் சொன்னாவ?"

"குடுக்கப் போறோம்னு சொல்லியிருப்பாங்க. நான்தான் குடுத்தாச்சுன்னு எடுத்துக்கிட்டேன் போல" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் "ம்" என்றார்.

மெக்கானிக் அண்ணன் போன பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள், தை பிறந்தால் கல்யாண சீசன், செட்டியார்பட்டி அண்ணாச்சி ஃபியட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ரெடியாக இருக்கிறார் என்றார். "மழை முடியட்டும். பொங்கல் கழிச்சு மூணு பேரும் டீச்சரப் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். மூணு பேரும் என்பதை அழுத்திச் சொன்னாரா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்து, நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா? இல்லை, அவர் பாட்டுக்கு இடது கைகாட்டியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாரா? இத்தனை வருஷமாக நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்மையில்லை என்பது இதை எழுதும்போது தெரிகிறது.

டீச்சர் வீட்டில் நாங்கள் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், "அன்னைக்கு வேண்டாம்னீங்களே தம்பி" என்று அவர் கேட்பார். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. முன்கூட்டியே டீச்சருக்குப் போன் செய்து, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நாள் போனை எடுத்தேன். குறையை ஒளிக்கத் தெரியாத ஒருவரை எனக்காக ஒளிக்கச் சொல்கிறோமே என்று தோன்றி வைத்துவிட்டேன். என் கணவரிடமே சொல்லலாம் என்று நாலு தடவை ஆரம்பித்தேன். "ஏங்க" என்பதற்கு மேல் வரவில்லை. "என்னட்டி?" என்று அவர் திரும்பினால், மளிகைச் சாமான் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்காரரின் நன்மைக்கென்று நினைத்து அவர் ஆசைப்பட்டதைத் தடுத்து, அதை அவரிடம் மறைத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். டீச்சர் வீட்டுக்குப் போகும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் நீங்கள் எப்படி ஆரம்பித்தீர்கள் என்பதுதான். "ஏங்க" என்பதற்கு அடுத்து நீங்கள் சொன்ன வாக்கியம் எது?